மஞ்சள் தாள்ல வந்த வாஷிங்டன் ஸ்டாம்ப் பத்தி

அண்ணா, உங்கட தாத்தாட ஆல்பத்தில இருந்த "சிட்டி டெஸ்பாட்ச் போஸ்ட்" மூண்டு சென்ட் ஒறிஜினலோ எண்டு கேட்டிருந்தீங்க. போட்டோவ பெருசாக்கிப் பாத்தன், எனக்கு நம்பிக்கை இல்ல.

ஒறிஜினல் 1842ல நியூயோர்க்ல கிரெய்க் எண்டவர் நடத்தின தனியார் தபாலுக்கு அடிச்சது, செதுக்கின தகட்டில, சாம்பல் கலர் தாள்ல கறுப்பு மை. அதால லென்ஸ் வச்சுப் பாத்தா வாஷிங்டன் முகத்தச் சுத்தி இருக்கிற கோடெல்லாம் முடி மாதிரி மெல்லிசா தனித்தனியா நிக்கும், லைட்ட பக்கவாட்டா அடிச்சா மை கொஞ்சம் மேல எழும்பி இருக்கிறது தெரியும். உங்கடதில அந்த இடம் அப்பின மாதிரி ஒண்டாக் கலந்து கிடக்கு, தாளும் நல்ல மஞ்சள், அது லித்தோ வேலை, அதாவது தகட்டில செதுக்காம தட்டைக் கல்லில இருந்து அடிக்கிறது. பொஸ்டன்ல டெய்லர் எண்டொருத்தர் 1860கள்ல இருந்து இப்பிடி லோக்கல் ஸ்டாம்ப்புகள, அதாவது தனியார் தபால்காரர்ட ஸ்டாம்ப்புகள, கலர் கலரா தாள் மாத்திப் போலியா அடிச்சு வித்தவர், ஆள் சரியான கில்லாடி.

ஸ்டாம்ப்புக்கு மேல குத்தின சீலப் பாருங்க, கிரெய்க் கட்டத்துக்குள்ள ஃப்ரீ எண்டு குத்தினவர், உங்கடதில சும்மா நாலு கோடு.

ரீப்ரின்ட், அதாவது ஒறிஜினல் தகட்டிலயோ கல்லிலயோ பிறகு திருப்பி அடிச்சது எண்டா வேற கதை, அதே தகடோ கல்லோ எண்டதால டிசைன வச்சுப் பிடிக்கேலாது, தாளும் கலரும் பசையும்தான் பாக்கோணும். கொழும்பு பெட்டாக் கடைகள்ல யாரும் விலை சொன்னா உடன குடுத்திராதீங்க, டெய்லர்ட போலிகளையே தேடிச் சேக்கிற ஆக்களும் இருக்கினம். பின்பக்கத்தையும் ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் போடுங்க.