முன்பணம் இருக்கட்டும், முதலில் டி.சி.யைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: என் மகள் மூன்று வருட பி.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறாள். பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்க்க ஆசை. ‘வீட்டிலிருந்தே ஒரே வருடத்தில் எம்.எஸ்சி. கவுன்சலிங், கூடவே ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) லைசென்ஸ்’ என்கிறது ஒரு கன்சல்டன்சி. ஒரிஜினல் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முன்பணம் கட்டலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவர்கள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே மூன்று பொய் இருக்கிறது.

மூன்று வருடப் பட்டம் முடித்தவர்களுக்கு முதுகலை இரண்டு வருடம். உளவியலுக்குத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-லேயே சொல்லிவிட்டது. ஆர்.சி.ஐ. பதிவு மருத்துவ உளவியல் போன்ற படிப்புகளுக்கு உரியது, அதுவும் அந்தக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்தால்தான். பள்ளி ஆலோசகருக்கு அது தேவையே இல்லை. சி.பி.எஸ்.இ. விதிகள் ஏற்கும் தகுதிகளில் உளவியல் படிப்பும் ஒன்று.

சரி, எங்கே சேர்ப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கிலும் எம்.எஸ்சி. இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் மகளை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், இரண்டாம் வருட மாணவி ஒருவரிடம் பேசுங்கள். எந்தப் பள்ளியில் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எழுதிய கேஸ் குறிப்பை ஆசிரியர் உட்கார்ந்து திருத்துகிறாரா என்று கேளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் கேஸ் ரெக்கார்டில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஆறு பேருக்கும் ‘தேர்வு பயம்’, ஆறு பேருக்கும் ஒரே வரிகள். “ஒரு பிள்ளையையும் நேரில் பார்த்ததில்லை மேடம், சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம்” என்று சொல்லி அழுதுவிட்டாள். கையைக் கீறிக்கொண்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் முழுக்கைச் சட்டையோடு எதிரில் வந்து உட்காரும்போது இவள் என்ன செய்வாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் ஃபீஸ் வாங்கினார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே ஆசிரியராக இருந்தால், அவர் வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. படிக்க வேண்டியதில்லை. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் ஓராண்டு வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ இருக்கிறது. முதல் பகுதியை வீட்டிலிருந்து படிக்கலாம், நடுவில் சில மாதம் மைசூரு போன்ற மையத்தில் தங்க வேண்டும், கடைசியில் சொந்த ஊரிலேயே பயிற்சி. ஆனால் இது ஆசிரியர்களை மனத்தில் வைத்து அமைத்த படிப்பு. இதையும் ‘வீட்டிலிருந்தே கவுன்சலர் ஆகலாம்’ என்று ஏஜென்ட்கள் எல்லோர் தலையிலும் கட்டப் பார்ப்பார்கள். நேராக என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள்.

உளவியல், ஆலோசனை போன்ற துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் சட்டம் வந்தது. இன்னமும் எந்தப் படிப்பு செல்லும் என்று ஒரு தாய் கன்சல்டன்சி வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அதிகாரிகளுக்கு இது எப்போது உறைக்குமோ!

நாளைக்கே போய் டி.சி.யைக் கேளுங்கள். மாணவரின் ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி, இவர்கள் யார்? இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.