பண்ணையை வடிவமைத்தது நான். திருடன் என்று பட்டம் எனக்கு

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் வீடியோக்கள் போடும் சிறிய யூடியூப் சேனல் என்னுடையது. நான் வடிவமைத்த இரும்புப் பண்ணையை (விளையாட்டுக்குள் தானாக இரும்பு சேர்க்கும் அமைப்பு) கட்டும் முறையை வீடியோவாக வெளியிட்டேன். பெரிய தமிழ் சேனல் ஒன்று அதே பண்ணையைத் தன் கண்டுபிடிப்பு என்று காட்டியது. அதில் என் குரலோடு 50 விநாடிக் காட்சியும் இருக்கிறது. பெயர் போடும்படி கேட்டேன். அதற்கு அவர் நேரலையில், "இவன் வெளிநாட்டுச் சேனலில் திருடியவன், கிரியேட்டிவ் மோடில் இரும்பை எடுத்துப் போட்டுப் பண்ணை தந்ததாகக் காட்டுகிறான்" என்றார். (கிரியேட்டிவ் மோடு என்பது எந்தப் பொருளையும் உழைக்காமலே எடுத்துக்கொள்ளும் விளையாட்டு முறை.) அவர் சொன்ன இரண்டும் பொய். நானும் "திருடன்" என்று தலைப்பிட்டுப் பதில் வீடியோ போட்டேன். அதில் அவருடைய தொலைபேசி எண் தெரிகிறது. யூடியூபில் பதிப்புரிமைப் புகார் செய்து ஸ்ட்ரைக் கொடுத்து அவர் சேனலை மூடவைக்கலாமா? போலீசுக்குப் போகலாமா?

பதில்: முதலில் அந்தப் பதில் வீடியோவை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், பிரைவேட் ஆக்கினால் போதும். ஒருவரின் எண் ரசிகர்கள் கையில் சிக்கினால் அவருக்கு மிரட்டல் அழைப்புகள் வரும், அதற்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடும். "திருடன்" என்ற தலைப்பை வைத்து உங்கள்மீதே அவதூறு வழக்குப் போடலாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்துச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. பண்ணையின் அமைப்பு சட்டப்படி உங்கள் சொத்து அல்ல. ஸோம்பியைக் கண்டு கிராமவாசிகள் மிரள, அவர்களைக் காக்க இரும்பு கோலெம் என்ற காவல் உருவம் தோன்றும். அது லாவா என்ற நெருப்புக் குழம்பில் மடிந்து இரும்பைச் சிந்தும். இது விளையாட்டின் இயக்கம். இதை எப்படி அடுக்கினால் அதிக இரும்பு கிடைக்கும் என்று நீங்கள் கண்டது ஒரு வழிமுறை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வடிவமைத்தவர் பெயரைச் சொல்வது உங்கள் துறையின் மரியாதை. சொல்லாமல் விட்டது எனக்கும் அநியாயமாகவே படுகிறது. ஆனாலும் அதற்காக மட்டும் நீதிமன்றம் ஆணையிடாது.

அந்த 50 விநாடியின் நிலை வேறு. விளையாட்டின் உரிமை அதன் நிறுவனத்துடையது என்றாலும், காட்சிகளைத் தேர்ந்து, வெட்டிக் கோத்து, குரல் கொடுத்த வீடியோ உங்கள் படைப்பு. அதைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இது என் படைப்பு" என்று உரிமை கோர 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அவரோ விமர்சிக்கவில்லை, உங்கள் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டியிருக்கிறார்.

ஆகவே அந்த ஒரு வீடியோவுக்கு ஸ்ட்ரைக் கொடுக்கலாம். 90 நாட்களில் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும் என்பதற்காக அவருடைய மற்ற வீடியோக்கள்மீதும் புகார் கொடுத்தால் அது பொய்ப் புகார். அவர் யூடியூபிடம் எதிர் அறிவிப்பு (நீக்கியது தவறு என்ற மறுப்பு) கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். ஆதாரமற்ற சட்ட மிரட்டலை எதிர்த்து வழக்காட அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு அவருக்கும் வழி தருகிறது.

உங்கள் பலம் அந்த நேரலைப் பேச்சில்தான் இருக்கிறது. "இந்தப் பண்ணை மெதுவாக வேலை செய்கிறது" என்றிருந்தால் அது கருத்து, விட்டுவிடலாம். கிரியேட்டிவ் மோடில் இரும்பை எடுத்துப் போட்டீர்கள் என்பதோ உண்மையா பொய்யா என்று சோதிக்கக்கூடிய குற்றச்சாட்டு. வெட்டாத மூலப் பதிவும், விளையாட்டு உலகைச் சேமித்த வேர்ல்ட் ஃபைலும் உங்களிடம் இருந்தால் அதைப் பொய் என்று நிரூபிக்கலாம். வெளிநாட்டுச் சேனல் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அதே போன்ற அமைப்பு அங்கே முன்பே வெளிவந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்து, கிடைத்ததை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பொய் வரி என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு இருக்கிறது. பழைய வீடியோ கேம் சாதனைகளில் ஏமாற்றியதாக பில்லி மிட்செலைப் பற்றி யூடியூபர் கார்ல் ஜோப்ஸ்ட் வீடியோக்கள் வெளியிட்டு வந்தார். 2021-இல் ஒரு வீடியோவில், இறந்துபோன இன்னொரு யூடியூபர் மிட்செலுக்குப் பெருந்தொகை கொடுக்க நேர்ந்தது என்றும், அது அவரது மரணத்துக்கு ஒரு காரணம் என்பதுபோலவும் பேசினார். பணம் கொடுத்த செய்தியே தவறு. 2025 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து மாவட்ட நீதிமன்றம் மிட்செலுக்கு 3,50,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கியது. மிட்செல் ஏமாற்றினாரா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. உங்கள் எதிராளிக்கு மட்டுமல்ல, பதில் வீடியோ போடும் உங்களுக்கும் இது பொருந்தும்.

போலீஸ் நிலையத்தில் அலைய வேண்டாம். அவதூறு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டாண்டுவரை தண்டனைக்குரிய குற்றம். ஆனால் போலீஸ் தானாக வழக்குப் பதியும் குற்றம் அல்ல. நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், மூன்றாண்டுக்குள். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு, வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. நானாக இருந்தால் சிவில் வழியையே எடுப்பேன். உங்களுக்கு வேண்டியது பெயர் மீட்பு. குற்றவியல் வழக்கின் வாய்தாக்கள் அதைத் தராது.

எதற்கும் முன்னால் ஆதாரம். நோட்டீஸ் போன மறுநிமிடம் நேரலை மறைந்துவிடலாம். முழு நேரலையையும், முகவரி, தேதி, பார்வை எண்ணிக்கை தெரிய இறக்கிச் சேமியுங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும், அதில் குறிக்க வேண்டிய ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) தேவைப்படும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்களே அதிகம், அங்கேயே பாதி வழக்கு தளர்ந்துவிடுகிறது.

பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். 50 விநாடிக் காட்சியை நீக்குவது அல்லது உங்கள் பெயரையும் இணைப்பையும் சேர்ப்பது; அந்தப் பேச்சை நீக்கி, அதே சேனலில் மறுப்பு வெளியிடுவது. இந்த இரண்டையும் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதுவரை அவர் பெயரை எங்கும் எடுக்காதீர்கள், உங்கள் ரசிகர்களை அங்கே போய்க் கருத்திட அனுப்பவும் வேண்டாம். பதில் வராவிட்டால் பதிப்புரிமை வழக்குக்காக அவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை; பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம்.