பாஸ்டனின் மீனும் பார்படோஸின் கரும்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க வரலாறு படித்துவருகிறேன். வடக்கே நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள் இறைப்பற்றும் கல்வியும் உடையவர்கள். தெற்கே வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் பணத்தாசை பிடித்தவர்கள். தெற்கில் அடிமைமுறை வேரூன்றியதற்கு இந்தக் குணவேறுபாடே காரணம் என்று கொள்ளலாமா? பென்சில்வேனியாவை இதில் எங்கே வைப்பது?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கரிபியக் கடற்பகுதியில் உள்ள பார்படோஸ் தீவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்வியில் அதன் பெயரே இல்லாததால்தான் உடனே எழுதத் தோன்றியது.

நீங்கள் சொல்லும் வேறுபாடு உண்மைதான். 1630 தொடங்கிப் பத்தாண்டுகளில் நியூ இங்கிலாந்துக்கு வந்த ஏறத்தாழ 20,000 பேரில் பெரும்பாலோர் குடும்பமாக வந்தவர்கள். அந்தக் குளிர்நாட்டில் நோய் குறைவாக இருந்ததால் பேரப்பிள்ளைகளைக் காணும் வரை வாழ்ந்தார்கள். ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று 1647இல் அங்குள்ள மாசசூசெட்ஸ் குடியேற்றம் சட்டம் செய்தது. வர்ஜீனியாவுக்கு வந்தவர்களில் மிகுதியானோர், கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டு உழைப்பை எழுதிக்கொடுத்த மணமாகாத இளைஞர்கள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை இளமையிலேயே கொன்றன. புகையிலை மண்ணை விரைவில் சாரமிழக்கச் செய்ததால் தோட்டங்கள் ஆற்றங்கரைகளில் சிதறிப் பரவின. பள்ளி வைக்கும் அளவுக்கு ஊர் திரளவில்லை. இலவசப் பள்ளிகளும் அச்சகமும் இங்கே இல்லை என்பதற்காக 1671இல் வர்ஜீனியா ஆளுநர் பெர்க்லி இறைவனுக்கு நன்றி சொன்னார்.

ஆனால் இதையெல்லாம் குணத்தில் கொண்டுபோய் முடிப்பது சிந்தனைச் சோம்பல். பாடநூல் அப்படிச் சொன்னால் அதையும் எதிர்த்துக் கேட்க வேண்டியது உங்கள் கடமை. மாசசூசெட்ஸ் குடியேற்றம் நடந்த அதே ஆண்டுகளில், அதே சமயக் கொள்கை உடைய பியூரிட்டன்கள் நிகரகுவா கரைக்கு அப்பால் பிராவிடன்ஸ் தீவில் குடியேறினார்கள். அங்கே பருத்தியும் புகையிலையும் விளைந்தன. சில ஆண்டுகளிலேயே ஆப்பிரிக்க அடிமைகள் பெருகினார்கள். 1638இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே ஆண்டில், நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பீக்குவாட் பழங்குடியினரோடு நடத்திய போரில் சிறைப்பட்டவர்களை விற்றுவிட்டுத் திரும்பிய ‘டிசையர்’ என்னும் கப்பல், அந்தத் தீவிலிருந்து ஆப்பிரிக்கர்களை மாசசூசெட்ஸின் துறைமுகமான பாஸ்டனில் கொண்டுவந்து இறக்கியது.

என் தாய்மாமன் தூத்துக்குடியில் ஒரு கருவாட்டுக் கிடங்கில் கணக்கெழுதினார். பள்ளி விடுமுறையில் நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். முதல் தரம் தனியாகக் கட்டப்படும். உடைந்ததும் நிறம் மாறியதும் கடைசிக் குவியலுக்குப் போகும். அதை வாங்க வருபவர் விலையை மட்டும் கேட்பார். அதை யார் உண்ணப்போகிறார்கள் என்று மாமா கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் எங்கள் குடும்பத்திலேயே நேர்மையானவர். தினமும் கோயிலுக்குப் போகிறவர்.

நியூ இங்கிலாந்தின் உப்பிட்டு உலர்த்திய காட் மீனும் இப்படித்தான் தரம் பிரிக்கப்பட்டது. நல்ல மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. கழித்த மீன் கரிபியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளின் உணவாயிற்று. 1640களில் பார்படோஸ் கரும்புக்கு மாறியபோது, அங்கிருந்தவர்கள் உணவு விளைப்பதைவிட அதிக விலைக்கு வாங்குவதையே விரும்புகிறார்கள் என்று 1647இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் வின்த்ராப்புக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தத் தேவையை பாஸ்டன் வணிகர்கள் நிறைவேற்றினார்கள். ஆலை சுழற்றும் குதிரை, சர்க்கரை அடைக்கும் பீப்பாய்க்கான பலகை, மீன், மாட்டிறைச்சி எல்லாம் வடக்கிலிருந்தே போயின. அந்த வணிகத்தின் இலாபத்தால் வளர்ந்த ஊர்களையும் பள்ளிகளையும்தான் இறைப்பற்றின் விளைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அடிமைகள் வயலில் தெரிந்தால் ‘தெற்கு’ என்றும், கணக்குப் புத்தகத்துக்குள் மறைந்துவிட்டால் ‘வடக்கு’ என்றும் பிரிப்பது எந்த வகையில் நியாயம்?

பென்சில்வேனியா 1681இல்தான் சாசனம் பெற்றது. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தெற்கைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கரோலினாவைப் படியுங்கள். 1670இல் அங்கே சார்லஸ் டவுன் குடியேற்றத்தில் முன்னின்றவர்களில் பலர் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். 1696இல் அங்கே இயற்றப்பட்ட அடிமைச் சட்டம் பார்படோஸின் சட்டத்தைப் பின்பற்றியது. உங்களிடம் நல்ல உழைப்பு இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அடுத்தமுறை எழுதும்போது, பிரசங்கங்களோடு அந்தக் காலத்துக் கப்பல்களின் சரக்குப் பட்டியல்களையும் படித்துவிட்டு எழுதுங்கள்.