கத்தோலிக்கர் கோயில் வாசலில் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை வரைவது ஏன்? அது நோய் தீர்க்குமா?

வாசல் தொட்டியில் இருப்பது தீர்த்தம். குருவானவர் செபித்து மந்திரித்த தண்ணீர். அதைத் தொட்டுச் சிலுவை வரைவது, தான் பெற்ற ஞானஸ்நானத்தை நினைத்துக்கொள்ள. பழைய வாழ்வுக்கு இறந்து, கிறிஸ்துவோடு புதிதாக எழுவதே அந்தச் சடங்கின் பொருள். இறந்துபோன அப்பாவின் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். தாள் கடைத்தாள்தான், கையில் எடுத்தால் அவரே பேசுகிறார். தீர்த்தமும் அப்படித்தான்.

நோய் தீர்வது பற்றி: 1858-இல் பிரான்சின் லூர்து குகையில், பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி மண்ணைக் கையால் தோண்ட, ஊற்று பெருகியது. இன்றும் நோயாளிகள் அங்கே போகிறார்கள். ஆனால் மருத்துவர்கள் ஆய்ந்த பிறகு திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்ற குணங்கள் 70-ஐச் சற்றே தாண்டும். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஊற்றில் மருந்துச்சத்து இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சாதாரணக் குடிநீர்தான். குணம் தருபவர் கடவுள் என்றே திருச்சபை போதிக்கிறது.