ஒரு ‘என்’ குறைந்தவன்

வணக்கம் ஐயா,

நான் செந்தூலில் இருக்கும் தமிழாசிரியை. சென்ற மாதம் எங்கள் சித்தப்பா தவறிவிட்டார். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பெரியம்மா ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் அப்படியே போட்டார்கள். ‘இறங்கல் இல்லை, இரங்கல்’ என்று குழுவிலேயே திருத்தினேன். அன்றிலிருந்து பெரியம்மா எதுவும் எழுதுவதில்லை, கும்பிடும் கைப் படம் மட்டும் அனுப்புகிறார். அம்மாவும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘கருத்து புரிந்தால் போதாதா?’ என்கிறார் மாமா. ஒற்றுப்பிழைகளை எல்லாம் நான் விட்டுவிடுகிறேன். குரல் தட்டச்சு வந்தபின் இன்னும் மோசம். பிழையைப் பார்த்தும் ஓர் ஆசிரியை பேசாமல் இருக்கலாமா?

ச., கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

முதலில் சித்தப்பாவுக்கு என் அஞ்சலி. உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது.

ஒற்றுப்பிழையை இன்னொரு நாள் பார்ப்போம். குரல் தட்டச்சைத் திட்டிப் பயனில்லை. நம் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகி எவ்வளவோ காலமாகிறது. கரியையும் கறியையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு, கைப்பேசி பிரித்து எழுதட்டும் என்றால் அது என்ன செய்யும்? மாமா சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். அவர் பெயரை ஒருமுறை தப்பாக எழுதிக் காட்டுங்கள், கருத்து புரிந்தால் போதுமா என்று அப்புறம் கேட்போம்.

பெயர் என்றதும் என் கதைக்கு வந்துவிட்டேன். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) புதுப்பிக்க வேண்டி இரண்டு வாரத்துக்கு முன் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறினேன், பிறப்புப் பத்திரம் கையில் வந்தது. அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அப்பா பெயர் சின்னையா. கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அண்ணன் பிறந்தபோது கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், எழுதிக் கொடுத்த சீட்டில் அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘என்’. மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். அதே கிராணி, அதே மேசை, ஒரே ‘என்’. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அப்பாவும் எட்டிப் பார்க்கவில்லை. கிராணி எழுதும்போது எட்டிப் பார்க்கிற வழக்கம் தோட்டத்தில் கிடையாது.

இடைநிலைப்பள்ளியில் முதல் நாள் பதிவேட்டை வாசித்த ஆசிரியர் என்னைச் ‘சினையா’ மகன் என்று கூப்பிட்டார். வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சினை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “எத்தனை மாசம்டா?” என்றான் பின்வரிசையில் ஒருவன். ஐந்தாம் படிவம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

அப்பா 1989இல் இறந்தார். அவருடைய சேமிப்புப் பணத்துக்காக அண்ணனும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைக் காட்டி, “இனி சியாப்பா?” என்றார் மலாயில். இவர் யார்? பிறகு சத்தியப் பிரமாணம், தோட்டத்துப் பழைய ஆள் ஒருவரின் சாட்சி, ஆறு மாத அலைச்சல். என் அப்பாவுக்கு நான்தான் பிள்ளை என்று முத்திரை குத்தி வாங்கினேன்.

இதில் வேடிக்கை, நான் பிழைத்ததே பிழை திருத்தித்தான். ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன், ஈய எழுத்துக் காலம். ‘லை’, ‘னை’ எல்லாம் முன்னால் துதிக்கை சுருட்டி நின்ற காலம். பெரியார் 1935இலேயே குடி அரசில் அந்தத் துதிக்கையை வெட்டிவிட்டார். ஆனாலும் யாராவது புது மாதிரி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் சுழிப்பேன், ஒரு முறைப்பும் முறைப்பேன். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டது, பிறகு அது இங்கும் வந்தது. நான் சுழித்ததெல்லாம் சரியாகிவிட்டது. மலாய்க்காரர்கள் 1972இல் எழுத்துக்கூட்டலையே மாற்றிக்கொண்டார்கள், ஒன்றும் முழுகிப் போகவில்லை.

அதற்காக மாமா கட்சிக்குப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். இறங்கல் என்றால் பேருந்திலிருந்து இறங்குவது. பெரியம்மா எழுதியது பிழைதான். ஆனால் அது யாரை என்ன செய்தது? மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அந்தச் செய்தி புதைந்து போயிருக்கும். கிராணி விட்ட ஓர் எழுத்து எழுபது வருடமாக என் கூடவே வருகிறது.

எனக்குக் கோபம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விடுகிற பிழைமேல்தான். கோயில் அழைப்பிதழ், பள்ளி நினைவுமலர், காசு கொடுத்து அச்சடித்த பதாகை. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் பதாகைகளை வாசித்துக்கொண்டே நடப்பேன். அங்கே ‘முயற்ச்சி’ இருக்கும், ‘பயிற்ச்சி’ இருக்கும். ‘ற்’ பக்கத்தில் இன்னொரு மெய் ஒட்டாது, பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கிற விதிதான். அத்தனை வெள்ளி செலவழித்தவர்கள் ஒரு தமிழாசிரியரிடம் காட்டியிருந்தால் போதும். உங்கள் பள்ளி வாசலில் தொங்குகிற பதாகையை என்றைக்காவது நின்று வாசித்தீர்களா? அங்கே போய்ச் சண்டை போடுங்கள், நானும் பஸ் ஏறி வருகிறேன். ஆனால் அங்கே தலைவர் இருப்பார், மாலை போட்ட பிரமுகர் இருப்பார், நமக்கு வாய் வராது. பெரியம்மாவிடம் மட்டும் நன்றாக வரும்.

அவர் எந்த ஆண்டுவரை படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் வயதுப் பெண்களை எனக்குத் தெரியும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் எங்கள் லயத்திலேயே நாலு பேர். ‘தக்சியா’ என்று மலாயில் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் மாதிரி ‘ஆர்.ஐ.பி.’ போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தியிருக்கிறார். இப்போது கும்பிடும் கைக்கு இறங்கிவிட்டார். இறக்கியது நீங்கள்.

போன் போட்டுப் பேசுங்கள், அம்மா. எழுதி மன்னிப்புக் கேட்காதீர்கள், அதையும் இலக்கணமாக எழுதித் தொலைப்பீர்கள்.

பெட்டியில் இன்னொரு பத்திரமும் இருந்தது, என் மகளுடையது. 1986. படிவத்தை நானே நிரப்பினேன். தந்தையின் முழுப் பெயர் கேட்ட இடத்தில் என் பெயரை எழுதினேன், அதோடு சேரும் அப்பா பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்களைப் பார்த்த மனுசன்.

“ஒங்க பேர எப்படிப்பா எழுதட்டும்?”

“ஒன் சீட்டுல எப்படி இருக்கோ அப்படியே எழுது. புள்ளைக்கு நாளைக்கு ஒரு தொல்ல வேணாம்.”

ஒரே ஒரு ‘என்’ போட்டேன்.