'தா' என்றால் அடி மட்டும்தானா?

கேள்வி: திருப்பூரில் எம்ப்ராய்டரி மெஷின் இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாக போனில் ஆப் வைத்து சீன மொழி படிக்கிறேன். 'தா' என்றால் 'அடி' என்று முதல் வாரமே படித்துவிட்டேன். போன மாதம் மெஷின் பொருத்த வந்த சீன டெக்னீஷியன் கன்ட்ரோல் பாக்ஸைக் காட்டி "தா காய்" என்றார். ஹெல்ப்பர் பையன் "என்னண்ணா சொல்றார்?" என்று கேட்க, நானும் "அடிக்கச் சொல்றார்டா" என்றேன். அவன் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டான். திறக்கத்தான் சொன்னாராம்! அகராதியைப் பார்த்தால் அந்த ஒரு எழுத்துக்கு இருபதுக்கு மேல் அர்த்தம் போட்டிருக்கிறது. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அக்டோபரில் குவாங்சோவில் காண்டன் கண்காட்சிக்கு வேறு போகிறேன்.
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பையனைத் திட்டாதீர்கள், அவன் சொன்னதைச் செய்தான். தப்பு உங்கள் ஆப் மேல்.

மனப்பாடம் வேண்டாம். நான் ஒன்று கேட்கிறேன், தமிழில் 'அடி'க்கு எத்தனை அர்த்தம்? போன் அடிக்கிறோம், வெள்ளை அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம், பிரிண்ட் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, யாருக்கோ லாட்டரி அடிக்கிறது. இதில் எதையாவது பட்டியல் போட்டுப் படித்தீர்களா? பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்து காதில் விழுந்தது, ஒட்டிக்கொண்டது. 'தா'வும் அப்படித்தான். சொல்லப்போனால் இந்த எழுத்தைப் படிக்க நம்மை விட வசதியானவர்கள் இல்லை என்பது என் கட்சி, ஏனென்றால் வெள்ளைக்காரனுக்கு விசித்திரமாகத் தெரிகிற பாதி விஷயம் நமக்கு வீட்டுச் சாமான்.

பாருங்கள். தா தியென்ஹுவா, போன் அடி. தா ச்சி, காற்று அடி. தா யின், பிரிண்ட் அடி. தா கௌ, டிக் அடி. அடி நின்றுபோகும் இடத்தில் நம் 'போடு' வந்து கைகொடுக்கிறது: தா ஜென் என்றால் ஊசி போடு, தா ஜியெ என்றால் முடிச்சுப் போடு. அதுவும் போதாவிட்டால் 'பிடி': தா ஸான் குடை பிடிப்பது, தா யூ மீன் பிடிப்பது, தா சே டாக்ஸி பிடிப்பது, தா ஷுய் தண்ணீர் பிடிப்பது. அடி, போடு, பிடி மூன்றையும் ஒரே எழுத்துக்குள் திணித்தால் அதுதான் தா. எழுத்தை (打) பார்த்தாலும் தெரியும். மொத்தம் ஐந்து கோடு, இடது பக்கம் இருக்கும் மூன்று கோடு கையைக் குறிக்கும் பகுதி. வலது பக்கத்து இரண்டு கோட்டின் பெயர் திங், பழைய காலத்தில் ஆணியைக் குறித்த எழுத்து, இங்கே ஒலிக்காக வந்து உட்கார்ந்தது. கையும் ஆணியும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. கையே இல்லாத இடத்திலும் இது வரும் என்பது வேறு விஷயம். இடி இடித்தால் தா லெய், தும்மினால் தா பென்தி.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓயாங் சியூ (1007–1072) என்ற பெரிய அறிஞர் இதே எழுத்தைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கப்பல் கட்டினாலும் தா, மீன் பிடித்தாலும் தா, தண்ணீர் எடுத்தாலும் தா, குடை பிடித்தாலும் தா, படித்தவன் பாமரன் எல்லாரும் சேர்ந்து செய்கிற தப்பு இது என்று எழுதி வைத்தார். 1920-களில் லியு பன்னுங் என்ற மொழியறிஞர் நூற்றுக்கும் மேற்பட்ட பிரயோகங்களைச் சேகரித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு 'ஹுன்தான்' எழுத்து, அதாவது போக்கிரி எழுத்து என்று திட்டியே விட்டார். போக்கிரி அதற்கெல்லாம் அசரவில்லை.

சரி, எங்கே நம் 'அடி' காலை வாரும்? தண்ணி அடிப்பதற்கு தா கிடையாது. தா ஷுய் என்று சொன்னால் குடத்தையோ பிளாஸ்கையோதான் நீட்டுவார்கள். தம் அடிப்பது, காப்பி அடிப்பது இரண்டுக்கும் வேறு வினைகள் இருக்கின்றன. விளையாட்டில் பேஸ்கட்பால், டேபிள் டென்னிஸ், சீட்டு, மாஜோங் எல்லாம் தா. கால்பந்து மட்டும் 'தி', அதாவது உதை. நியாயம்தானே.

உங்களுக்குக் காசு போகிற இடம் இன்னொன்று இருக்கிறது. தள்ளுபடிக்கு தா ஜெ என்பார்கள். கடையில் 'தா பா ஜெ' என்று ஒருவர் சொன்னால், பா என்றால் எட்டு, உடனே எண்பது சதவீதம் தள்ளுபடி என்று நினைத்து நான் ஒரு சூட்கேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எண்பது சதவீதம் நாம் கொடுக்க வேண்டியது! தள்ளுபடி வெறும் இருபது. அவர்கள் கழிப்பதைச் சொல்ல மாட்டார்கள், மிச்சத்தைச் சொல்வார்கள். எழுபத்தைந்து என்றால் கால் பங்குதான் குறைகிறது. எண் சின்னதாக ஆக ஆக நமக்கு லாபம், கண்காட்சியில் இதை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு இரண்டு வரி. தாத்தாவின் முதல் எழுத்து போல, காற்றை ஊதாமல், ஆனால் குரலை நன்றாகத் தாழ்த்திச் சொல்ல வேண்டும், அது மூன்றாம் தொனி (சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறும்). வெடுக்கென்று மேலிருந்து இறக்கினால் 'பெரிய' என்று ஆகிவிடும். கேள்வி கேட்பது போல மேலே ஏற்றினால், இதே எழுத்துதான், ஆனால் டஜன்! ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பிடித்து வந்து இதில் ஏற்றியிருக்கிறார்கள். ஊசி, பாபின் வாங்குகிற உங்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. போனை இரண்டு தரம் அடித்தேன் என்பதற்கு 'தா ல லியாங் த்ஸ தியென்ஹுவா' என்பார்கள். முடிந்துவிட்டது என்று காட்டும் 'ல', எத்தனை தரம் என்ற கணக்கு எல்லாம் தாவுக்கும் போனுக்கும் நடுவில் புகுந்துவிடும். ஆனால் தா ஸாவ் (பெருக்கித் துடைப்பது), தா திங் (விசாரிப்பது) போன்றவை ஒட்டிப் பிறந்தவை, நடுவில் எதையும் நுழைக்காதீர்கள், 'ல' கடைசியில்தான். 'எனக்கு போன் அடி' என்பதில் எனக்குக்கான 'கெய் வொ'வை மறக்காமல் முன்னால் வையுங்கள். அதை விட்டுவிட்டு அவசரத்தில் வெறும் 'தா வொ' என்று நிறுத்தினால் 'என்னை அடி' என்று கேட்டு வாங்கின மாதிரி ஆகும்.

எனக்குப் பிடித்த தா எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: தா ஜியாங்யௌ. சோயா சாஸ் வாங்கி வருவது. அந்தக் காலத்தில் சாஸ் பாட்டிலில் அடைத்து வராது, கடையில் பெரிய ஜாடியில் இருக்கும், வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புவார்கள், கடைக்காரர் அகப்பையால் மொண்டு ஊற்றுவார். செக்கு எண்ணெய் வாங்க நம்மை அனுப்பினார்களே, அதே கதை. அதனால் 'பிள்ளை சாஸ் வாங்கப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது' என்றால் வளர்ந்துவிட்டது என்று பொருள். 2008-இல் குவாங்சோவில் ஒரு டிவி நிருபர் தெருவில் போனவரை நிறுத்தி, அப்போது பரபரப்பாக இருந்த ஒரு நடிகரின் விவகாரம் பற்றிக் கருத்துக் கேட்க, அவர் எனக்கென்ன வந்தது, நான் சாஸ் வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்பதற்கு நெட்டில் இதுதான் சொல். நீங்கள் போகப்போவதும் அதே ஊருக்குத்தான்.

அங்கே ஹோட்டலில் சாப்பாடு மிஞ்சினால் தா பாவ் என்று சொல்லுங்கள், கட்டிக் கொடுப்பார்கள். மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் 'தப்பாவ் பண்ணிட்டு வா' என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது இந்தச் சொல்லின் தென்சீன வடிவம்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள், அதில் தாவைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். எப்போதும் ஜோடியாக எழுதுங்கள், பக்கத்தில் ஆங்கிலம் வேண்டாம், நம் அடியோ போடுவோ பிடியோ எது வருகிறதோ அது. தமிழ் எதுவும் வந்து உட்காராத ஜோடிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போடுங்கள், படிக்க வேண்டியது அவ்வளவுதான். உங்கள் தா காய் அந்தச் சிவப்பில் வரும். காய் என்றால் திறத்தல், தா அங்கே வெறுமனே கையை வைக்கச் சொல்கிறது. பெட்டி, கதவு, ஃபைல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அதே தா காய்தான். வேலை முடிந்து அந்த பாக்ஸை மூட வேண்டுமென்றால் அவர் 'குவான் ஷாங்' என்பார், அதில் தா இல்லை, பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.