பி.ஃபார்ம் முடித்த மகள் நானோ மருந்து என்கிறாள், படிக்க வைக்கலாமா?

வணக்கம் அம்மா. பி.ஃபார்ம் முடித்ததும் மெடிக்கல் ஷாப் வைத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன், மகளோ கொழுப்பு, நானோ துகள் என்று ஏதேதோ சொல்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்க வையுங்கள். எங்கே, என்ன படிப்பு என்பதில்தான் நிதானம் வேண்டும்.

அவள் சொல்வது புதுக் கதை இல்லை. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கும். அதையே லிப்போசோம் என்கிற கொழுப்பு உறைக்குள் பொதிந்து கொடுத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது. டாக்சில் என்ற பெயரில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தி மூலக்கூறைச் சுமந்ததும் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதிலுள்ள ஒரு வகை லிப்பிட், அதாவது கொழுப்பு, ரத்தத்தில் மின்னூட்டம் இல்லாமல் சாதுவாக இருக்கும். செல் துகளை விழுங்கி, உள்ளே அமிலத்தன்மை கூடியதும் நேர்மின்னூட்டம் பெற்று, சுற்றியுள்ள சவ்வைக் குலைத்துச் சரக்கை வெளியே விடும். எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம் இது.

நம் நாட்டிலும் இந்த வேலை உண்டு. சன் ஃபார்மாவின் டாக்சோரூபிசின் லிப்போசோம் ஊசிக்கு 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 2021-ல் கறுப்புப் பூஞ்சைக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்த ஆம்போடெரிசின் ஊசியும் லிப்போசோம் வகைதான்.

எம்.ஃபார்ம் மாணவி ஒருத்தி லிப்போசோம் தயாரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் உருண்டைக் குடுவை சுழல்கிறது. கரைப்பான் ஆவியாகி, கண்ணாடியில் பாலாடை மாதிரி மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டுகிறது. அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசலை இளஞ்சூடாக ஊற்றிச் சுழற்றினால் பால்போல் வெளுக்கிறது. துகளை அளந்தால் ஒரு நாள் 140 நானோமீட்டர், மறுநாள் 210. ஏன் மாறியது என்று அந்தப் பெண் மூன்று வாரம் தேடினாள். கம்பெனிகள் சம்பளம் கொடுப்பது இந்தத் தேடலுக்குத்தான், ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி வந்தாக வேண்டும்.

அதனால் 'நானோ டெக்னாலஜி' என்று பெயர் போட்ட பட்டத்தைவிட மருந்தை ஊசி, மாத்திரை என்று உருவாக்கக் கற்றுத்தரும் எம்.ஃபார்ம் ஃபார்மசூட்டிக்ஸ்தான் அவளுக்குச் சரி என்பேன். எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வை எழுதட்டும். அதில் தகுதி பெற்றால் உதவித்தொகை கிடைக்குமா என்று சேரும் முன் கல்லூரியில் கேளுங்கள். மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனங்களான நைப்பர்களின் நுழைவுத் தேர்வையும் விட வேண்டாம். அப்புறம், வேலை பெரும்பாலும் ஹைதராபாத், மும்பை, குஜராத் பக்கம். வெளியூர் அனுப்ப இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சேர்க்கும் முன் நீங்களும் அவளோடு போய் லேபைப் பாருங்கள். துகள் அளவு பார்க்கும் மெஷின் பக்கத்தில் லாக் புக் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். மாணவர்கள் கையெழுத்து வரிசையாக இருந்தால் அங்கேயே ஃபீஸ் கட்டலாம். பக்கம் வெறுமையாக இருந்தால், மெஷின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.